மறு: ஃபட்டீக் சிப்பிங் – ‘சில்லுடைவு’ போதுமா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். கருவியின் விளிம்பில் சிறு துண்டு பெயர்வது சிப்பிங். அதுவே திரும்பத் திரும்ப விழும் சுமையால், அதாவது அயர்வால் (ஃபட்டீக்), நேர்ந்தால் ஃபட்டீக் சிப்பிங். இவற்றுக்கான தமிழ்ச்சொற்கள் பற்றி வந்த கேள்வி இது:

> சிப்பிங் = சில்லுடைவு; ஃபட்டீக் சிப்பிங் = அயர்வுச் சில்லுடைவு. சரிதானே?

முதலாவதை ஏற்கிறேன். இரண்டாவதுதான் இடிக்கிறது.

தகடு வெட்டும் பஞ்சை (punch, தகட்டை அடித்து வெட்டும் எஃகுக் கருவி) எடுத்துக்கொள்வோம். தகடு இரட்டையாக உள்ளே போய்விட்டால் ஒரே அடியில் பஞ்சின் வாய் மூளியாகிவிடும். அது உடைவு. ஆனால் தகடும் சரி, கிளியரன்ஸும் (பஞ்சுக்கும் கீழுள்ள அச்சுக்கும் நடுவே விடும் இடைவெளி) சரி. பல்லாயிரம் அடி வெட்டிய பிறகு ஒருநாள் விளிம்பில் சின்னதாக ஒரு துண்டைக் காணோம் என்றால்? கடைசி அடி மற்ற அடிகளைவிட வலுத்ததல்ல. விரிசல் எப்போதோ பிறந்து, அடிக்கு அடி வளர்ந்து, பிடிப்பு விட்டபின் துண்டு விழுகிறது. சுவரில் காரை அப்படி விழுந்தால் உதிர்ந்தது என்றுதான் சொல்வோம். அதனால் என் பரிந்துரை: சில்லுதிர்வு.

சொல் பிரிந்தாக வேண்டும், ஏனென்றால் சோதனையே வேறு. சார்ப்பி சோதனையில், ஆடிவரும் கனத்த ஊசல் ஒரு மாதிரித் துண்டை ஒரே அடியில் முறித்து, அதற்குச் செலவான ஆற்றலைக் காட்டும். சில்லுடைவுக்கு அது ஓரளவு உதவும். சில்லுதிர்வுக்கு அதே சுமையைத் திரும்பத் திரும்ப ஏற்றி, எத்தனையாவது சுற்றில் விளிம்பு போகிறது என்று எண்ண வேண்டும். தேய்மானத்துக்கோ, சுழலும் ரப்பர் சக்கரத்துக்கும் மாதிரிக்கும் நடுவே மணலை ஓடவிட்டு எடை இழப்பை அளக்கிறோம்.

ஒன்றில் தேறும் எஃகு மற்றதிலும் தேறும் என்பதில்லை. டி2 என்ற கருவி எஃகில் சுமார் 1.5 விழுக்காடு கரிமம், 12 விழுக்காடு குரோமியம். இவை சேர்ந்து பருத்த, கடினமான கார்பைடுத் துகள்களாகின்றன. மணலுக்கு ஈடுகொடுப்பவை அவைதாம். அயர்வு விரிசல் பெரும்பாலும் தொடங்குவதும் அவற்றிடம்தான்! தூள் உலோகவியல் முறையில் (உலோகத்தைத் தூளாக்கி, அழுத்திச் சூடேற்றி இணைத்து) செய்த எஃகில் கார்பைடுகள் நுண்ணியவையாகச் சீராகப் பரவியிருப்பதால், தேய்மானத்தைத் தாங்கிக்கொண்டே விளிம்பும் நிற்கிறது. மூன்று பழுதுக்கும் மூன்று பெயர் இல்லாமல் இதை மாணவருக்கு எப்படி விளக்குவது?

பேரிங்கில் குண்டுகள் உருளும் பாதையில் வரும் ஸ்பாலிங்கும் அயர்வால் உதிர்வதே. அங்கே பெயர்வது விளிம்பல்ல, மேற்பரப்பு. ஆகவே ‘செதிலுதிர்வு’ எனலாம். லேத்தில் (கடைசல் எந்திரத்தில்) சுருண்டு விழுவதையும் ஆங்கிலத்தில் சிப் என்பார்கள்; அதைச் சீவல் என்றே வைத்துக்கொண்டால் ‘சில்லு’ அதோடு மோதாது.

‘அயர்வு’ என்ற முன்சொல் பாடத்தில் முதல்முறை வரும்போது மட்டும் போதும். பிறகு ‘உதிர்வு’ என்பதே அந்தப் பொருளைத் தந்துவிடும். சில்லுடைவை அப்படியே விட்டு, சில்லுதிர்வைத் தனிச்சொல்லாகப் பட்டியலில் சேர்க்க வேண்டுகிறேன்.