ஆறு வண்டி, ஜவ்வாது மலை: மெஷ் இன்டர்காம் போதுமா, வண்டியில ரேடியோ மாட்டணுமா?

பாலாற்றங்கரை
எல்லாருக்கும் வணக்கம். ஆறு வண்டி, அதுல ரெண்டுல பின்னாடி ஆள் உண்டு. வேலூர்ல கிளம்பி ஒடுகத்தூர், ஆலங்காயம், காவலூர் வழியா ஜமுனாமரத்தூர் ஏறி, போளூர் பக்கம் இறங்கித் திரும்பறோம். முன்னாடி போற வண்டியும் கடைசி வண்டியும் பேசிக்கணும், அதுதான் முக்கியம். மலை மேல பல இடத்துல போன் சிக்னல் நிக்காது. ஹெல்மெட் இன்டர்காம் ஆறு வாங்கிட்டா போதுமா, இல்ல வண்டி பேட்டரியில இருந்து கரண்ட் எடுத்து ரேடியோ மாட்டிடலாமா? வண்டி எல்லாம் 350, 411 சிசி. பேட்டரி 12 வோல்ட், 8 ஆம்பியர்-அவர்.

கொண்டைஊசி14
மெஷ் போதும். வயரிங்ல கை வைக்காதீங்க.

பழைய புளூடூத் இன்டர்காம் சங்கிலி மாதிரி. நடுவுல ஒருத்தர் டீக்கடையில நின்னுட்டா பின்னாடி இருக்கிற அத்தனை பேருக்கும் அறுந்துடும். மெஷ்ல ஒவ்வொரு ஹெல்மெட்டும் அடுத்தவர் குரலை வாங்கி அனுப்புது. ஒருத்தர் விலகினா மத்தவங்க வழியா பாதை தானா மாறிக்கும். கார்டோ மெஷ்ல 15 பேர், செனா குழு மெஷ்ல 24 பேர் வரைக்கும் சேரலாம், ஆறு பேர் ஒரு சுமையே இல்ல.

இன்னொண்ணு, பேசறதுக்கு எந்த பட்டனும் அழுத்த வேணாம். "பஸ் வருது, ஓரம் போ"ன்னா அந்த நொடியே எல்லார் காதுலயும் விழும். வாக்கி டாக்கியில ஒருத்தர் பட்டனை அழுத்திக்கிட்டு இருந்தா மத்த அஞ்சு பேரும் வாயைத் திறந்து புண்ணியமில்ல. அதுவும் கொண்டை ஊசி வளைவுல, கிளட்ச் பிடிக்கிற அதே இடது கைதான் பட்டனையும் அழுத்தணும். அங்கதான் எச்சரிக்கையும் அதிகமா தேவைப்படும்.

வாங்கும்போது ஒண்ணு பாருங்க: ஆறும் ஒரே கம்பெனியா இருக்கணும். ஒரு கம்பெனி மெஷ் இன்னொரு கம்பெனி மெஷ்ஷோட பேசாது.

இரண்டுமீட்டர்
மெஷ் வேணாம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா கேட்டவரோட தேவை முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் பேச்சு. அதை மெஷ் மட்டும் தாங்காது.

பெட்டி மேல போட்டிருக்கிற 1.6 கிலோமீட்டர் திறந்தவெளியில நேர்பார்வைக்கான கணக்கு. வாலாஜா டோல்கேட் தாண்டின நேர்ச்சாலையில அதுக்குப் பக்கத்துல வரலாம். மலைப்பாதையில வராது. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல அலைநீளம் 12.5 சென்டிமீட்டர். மலையோட ஒரு விளிம்பு குறுக்க வந்தா அந்த அலை வளைஞ்சு அந்தப் பக்கம் போறது ரொம்பக் கொஞ்சம். மரம் அடர்ந்த இடத்துல, மழைக்கு இலை நனைஞ்சிருந்தா இன்னும் மோசம். 145 மெகாஹெர்ட்ஸ்ல அலைநீளம் 2 மீட்டர், ரேடியோ 5 வாட். பாறை விளிம்பைத் தாண்டி ஓரளவு வளைஞ்சு போய்ச் சேரும். மலையைத் துளைச்சிட்டுப் போகும்னு யாராவது சொன்னா நம்ப வேணாம், ஆனா ரெண்டு மூணு வளைவு பின்னாடி இருக்கிறவருக்குக் கேட்க நல்ல வாய்ப்பு உண்டு.

கொண்டைஊசி14
மெஷ்ல நடுவுல நாலு வண்டி இருக்கே, அவங்கதானே குரலைக் கடத்தப் போறாங்க? வளைவுக்கு ஒரு வண்டி இருந்தா பேச்சு அறுந்து போகவே போகாது. ஆறு வண்டியும் சேர்ந்து போகாம ரெண்டு கிலோமீட்டர் சிதறிப் போனா அது ரேடியோவோட பிரச்சினை இல்ல, ஓட்டற ஒழுங்கோட பிரச்சினை.

இரண்டுமீட்டர்
பஞ்சர் ஆனவரு ஒழுங்கு தப்பி நிக்கலையே. அவரு நின்ன நிமிஷத்துல இருந்து மத்த அஞ்சு பேரும் தூரம் போயிட்டே இருப்பாங்க. அவங்க கவனிச்சு நிக்கறதுக்குள்ள மெஷ் எல்லை முடிஞ்சிருக்கும். கடைசி வண்டிக்கு ரேடியோ வேணும்னு சொல்றது இதுக்குத்தான்.

பாலாற்றங்கரை
அப்படின்னா ஆன்லைன்ல மலிவா கிடைக்கிற சீன வாக்கி டாக்கி ரெண்டு வாங்கி 446 மெகாஹெர்ட்ஸ்ல செட் பண்ணிக்கலாமா? 446-க்கு லைசென்ஸ் வேணாம்னு படிச்சேன்.

இரண்டுமீட்டர்
இந்த இடத்துலதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க, பொறுமையா படிங்க.

446.0-இல் இருந்து 446.2 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் லைசென்ஸ் விலக்கு உண்மைதான். ஆனா அது அந்தப் பட்டைக்குன்னே செஞ்ச, சக்தி குறைஞ்ச, வகை அனுமதி (அந்த மாடலுக்கு அரசு தர்ற ஒப்புதல்) வாங்கின கருவிக்கு. அரை வாட், ஆன்டெனா பெட்டியோட சேர்ந்தே இருக்கும், கழட்ட முடியாது. நீங்க சொல்ற சீன ரேடியோ 5 வாட், ஆன்டெனா கழட்டலாம், 136-ல இருந்து 174 வரைக்கும், 400-க்கு மேலயும் எங்க வேணாலும் கத்தும். அதுல 446-ன்னு எண்ணைத் தட்டினதால அது லைசென்ஸ் வேண்டாத கருவியா மாறிடாது. தப்பா ஒரு எண் தட்டினா அவசர சேவை பேசற இடத்துல போய் விழுவீங்க.

145 வேணும்னா அமெச்சூர் ரேடியோ (ஹாம்) லைசென்ஸுக்குப் பரீட்சை எழுதணும். ரேடியோ அடிப்படையும் விதிமுறையும் படிச்சா கீழ்நிலைச் சான்றிதழ் கைக்கு வரும், வி.யு.3-ன்னு ஆரம்பிக்கிற அழைப்புப் பேர் கிடைக்கும். மோர்ஸ் பரீட்சை மேல்நிலைக்குத்தான். 12 வயசு முடிஞ்சா எழுதலாம். பேசற ரெண்டு பேருக்கும் லைசென்ஸ் இருக்கணும், ஒருத்தர் லைசென்ஸ்ல ஆறு பேர் பேச முடியாது. வண்டியில வச்சு இயக்கறதுக்கும் லைசென்ஸ்ல அனுமதி இருக்கான்னு பார்த்துக்கோங்க.

27 மெகாஹெர்ட்ஸ் சிட்டிசன் பேண்டுக்கும் 5 வாட் வரை விலக்கு உண்டு. ஆனா கால் அலை (அலைநீளத்துல நாலுல ஒரு பங்கு) ஆன்டெனாவே 2.75 மீட்டர், பைக்குல நடக்காத காரியம். விட்டுடுங்க.

ஆம்பூர் வயரிங்
எந்த ரேடியோன்னு நீங்க சண்டை போட்டு முடிங்க. வண்டியில மாட்டறதைப் பத்தி நான் சொல்றேன்.

கையடக்க 5 வாட் ரேடியோ, மாத்திக்க இன்னொரு பேட்டரி பையில இருந்தா வண்டியில இருந்து கரண்ட் எடுக்கவே வேணாம். வண்டியில நிரந்தரமா மாட்டற 25 வாட் பெட்டின்னா பேசும்போது 5, 6 ஆம்பியர் இழுக்கும். 8 ஆம்பியர்-அவர் பேட்டரியில ஏற்கெனவே 40 வாட் ஃபாக் லைட் போட்டிருந்தா அது 3.3 ஆம்பியர். ஹெட்லைட், பெட்ரோல் பம்ப், இக்னிஷன் எல்லாம் சேர்ந்து ஐட்லிங்ல ஆல்டர்னேட்டர் திணறும். மாட்டறதுக்கு முன்னாடியே பார்த்துடுங்க: எல்லா லைட்டும் போட்டு, வண்டியை ஐட்லிங்ல விட்டு, பேட்டரி முனையில மல்டிமீட்டர் வைங்க. 13 வோல்ட்டுக்கு மேல நின்னா ரேடியோவுக்கு இடம் இருக்கு. 12.6-க்குக் கீழ போனா பேட்டரிதான் கரைஞ்சிட்டு இருக்கு.

வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர். ஃபியூஸ் 10 ஆம்பியர், பேட்டரி பிளஸ்ல இருந்து 15 சென்டிமீட்டருக்குள்ள. ஃபியூஸுக்கு முன்னாடி இருக்கிற வயர் சட்டத்துல உரசி ஷார்ட் ஆனா அதைக் காப்பாத்த ஆளே இல்ல, அதனாலதான் இந்த 15. ரிலே (சின்ன கரண்ட்டால பெரிய கரண்ட்டைப் போட்டு அணைக்கிற சுவிட்ச்) நாலு கால்: 30-க்கு ஃபியூஸ்ல இருந்து வர்ற வயர், 87 ரேடியோவுக்கு, 85 எர்த், 86-க்கு டெயில் லைட் வயர். சாவியைத் திருப்பி எடுத்தா ரேடியோ செத்துடும், ராத்திரி பேட்டரி இறங்காது. டெயில் லைட் வயர்ல இருந்தே நேரா ரேடியோவுக்கு எடுக்காதீங்க, அந்த ஃபியூஸும் வயரும் அவ்வளவு தாங்காது.

இரண்டுமீட்டர்
பிளஸ்ல சரி. மைனஸும் நேரா பேட்டரி மைனஸ் முனைக்கே போகணும், அதுலயும் ஒரு ஃபியூஸ். ரேடியோ கையேடு அப்படித்தான் சொல்லுது.

ஆம்பூர் வயரிங்
இதுல நான் ஒத்துக்க மாட்டேன். பேட்டரியில இருந்து சட்டத்துக்குப் போற கருப்பு வயர் போல்ட் லூஸ் ஆயிடுச்சுன்னு வச்சுக்கோங்க. செல்ஃப் அடிச்சா ஸ்டார்ட்டர் கரண்டுக்குத் திரும்பற வழி வேணும். அது ஆன்டெனா அடி, கோஆக்ஸ் (ஆன்டெனா கேபிள்) மேல்வலை, ரேடியோ பெட்டி, அங்க இருந்து ரேடியோ மைனஸ் வயர் வழியா பேட்டரிக்கு வரும். பல பத்து ஆம்பியர். ஃபியூஸ் போகறதுக்குள்ள ரேடியோ உள்ள இருக்கிற சர்க்யூட் பலகைத் தடம் போயிடலாம். பேட்டரி எர்த் வயர் சட்டத்துல எந்த போல்ட்ல முடியுதோ, அதே போல்ட்ல ரேடியோ மைனஸை லக் போட்டு இறுக்குங்க. மைனஸ்ல ஃபியூஸே வேணாம்.

இரண்டுமீட்டர்
ரெண்டாவது ஃபியூஸ் அந்த ஆபத்துக்காகவே இருக்கிறதுதான். ஆனா ஆபத்து வராமலே பண்ற உங்க வழி பைக்குக்கு நல்லாவே பொருந்துது, மாத்திக்கலாம். போல்ட் அடியில பெயின்ட்டை உப்புத்தாள்ல வெள்ளையா தேய்ச்சு, பல் வாஷர் போடச் சொல்லுங்க.

ஆன்டெனாவுக்கும் அதே கதை. 145-க்கு கால் அலை கம்பி சுமார் 49 சென்டிமீட்டர். கால் அலைன்னா கீழ உலோகத் தளம் வேணும். கார் கூரை அந்தத் தளத்தைக் கொடுக்கும், பைக் கேரியர் கொடுக்காது. கேரியர் ரப்பர் புஷ் மேல உட்கார்ந்திருந்தா அது சட்டத்தோட சேரவே இல்ல. சேர்த்தாலும் தளம் சின்னதுதான். ஒரு மீட்டர் நீளமுள்ள அரை அலை ஆன்டெனா தளத்தை நம்பாது, அதை வாங்குங்க. கோஆக்ஸ் ஆர்.ஜி. 58 ரெண்டு மீட்டர் போதும், அந்த நீளத்துல இழப்பு அரை டெசிபெல்லுக்குள்ளதான். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் (ஆன்டெனா சக்தியை வாங்காம எவ்வளவு திருப்பி அனுப்புதுன்னு காட்டறது) 1.5-க்குள்ள காட்டணும். 3 காட்டினா பேசாதீங்க, முதல்ல எர்த்தையும் பிளக்கையும் பாருங்க. ஆன்டெனா மாட்டாம பட்டனைத் தொடவே கூடாது.

கொண்டைஊசி14
பட்டனை எங்க வைக்கப் போறீங்கன்னு இன்னும் யாரும் சொல்லலையே. குரலைக் கேட்டு தானா இயங்கற வசதியைப் போட்டுக்கலாம்னு சொல்லிடாதீங்க. 60 கிலோமீட்டர் வேகத்துல ஹெல்மெட்டுக்குள்ள காத்தே அதை இயக்கிடும், அலைவரிசை பூரா உங்க காத்துச் சத்தம்தான்.

ஆம்பூர் வயரிங்
அது சரியான பேச்சு. பட்டன் இடது பிடியில, ஹாரன் பட்டனுக்குப் பக்கத்துல, கட்டைவிரல் நகர்ந்தா எட்டற மாதிரி. வயர் ஹேண்டில் கழுத்தைத் தாண்டற இடத்தை நல்லா பாருங்க. அங்க கேபிள் டையை இறுக்கிக் கட்டிடுவாங்க. வளைக்க வளைக்க, மேல ரப்பர் முழுசா இருக்கும்போதே உள்ள செப்பு இழை ஒவ்வொண்ணா அறுபடும். அப்புறம் ஹேண்டில் வலப்பக்கம் திரும்பும்போது மட்டும் பேச்சு வராது, நேரா நிறுத்திப் பார்த்தா எல்லாம் சரியா இருக்கும். ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பி, அதிகமா இழுபடற பக்கத்துல மூணு விரல் தொங்கல் விட்டுட்டுக் கட்டுங்க.

ஸ்பீக்கர் உட்காரலைன்னு ஹெல்மெட் தெர்மாகோலைச் செதுக்காதீங்க. காது பக்கம் துணி அடியில குழி இருக்கிற ஹெல்மெட்டா பார்த்து வாங்குங்க.

பாலாற்றங்கரை
சத்தம் வந்தா? ஒரு வண்டியில யு.எஸ்.பி. சார்ஜர் இருக்கு.

இரண்டுமீட்டர்
முதல் சந்தேகம் அந்த சார்ஜர்தான். எஞ்சினை அணைச்சுட்டு சாவி மட்டும் போட்டு ரேடியோவைக் கேளுங்க. சார்ஜரைப் பிடுங்கினதும் இரைச்சல் போச்சுன்னா வேற சார்ஜர் மாத்துங்க. ஃபெரைட் மணி (இரைச்சலைத் தடுக்க வயர் மேல மாட்டற வளையம்) கவ்வறதும் உதவும், ஆனா மோசமான சார்ஜரை அது நல்லதாக்காது. அடுத்து எல்.இ.டி. லைட்டை இதே மாதிரி ஒவ்வொண்ணா. எஞ்சின் போட்டதும் டிக் டிக்னு வந்து ஆக்ஸிலரேட்டரோட கூடினா ஸ்பார்க் பிளக். ரெசிஸ்டர் வகை பிளக்கும் 5 கிலோ ஓம் பிளக் கேப்பும் போடுங்க. ஊளை மாதிரி ஏறி இறங்கினா சார்ஜிங் பக்கம், எர்த்தைப் பாருங்க.

கொண்டைஊசி14
இவ்வளவும் ஆறு வண்டிக்கா?

இரண்டுமீட்டர்
இல்ல, ரெண்டுக்குத்தான். ஆறு பேருக்கும் உங்க மெஷ். முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் கூடுதலா, லைசென்ஸ் இல்லைன்னா அனுமதி பெற்ற 446 கைக்கருவி, மார்புப் பட்டையில. அதுக்கு வயரிங்கே கிடையாது. நின்னு பேசினா போதும். பஞ்சர் ஆனவரு எப்படியும் நின்னுதான் இருப்பாரு. ரெண்டு பேரும் லைசென்ஸ் எடுத்த பிறகு 145 பெட்டியை மாட்டுங்க. அதையும் பின்னாடி ஆள் உட்காராத ரெண்டு வண்டியிலதான். கேரியர் ஆன்டெனா பின்னாடி இருக்கிறவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்துல நின்னு 25 வாட் விடக் கூடாது.

கொண்டைஊசி14
கைக்கருவி, நின்னு பேசறதுன்னா எனக்கு மறுப்பில்ல. ஓட்டிக்கிட்டே பட்டன் அழுத்தறதை இன்னும் ஒத்துக்கலை.

ஆம்பூர் வயரிங்
பெட்டி மாட்டற நாள் வந்தா கடைசியா ஒரு சோதனை. வண்டியை நடு ஸ்டாண்டுல நிறுத்தி, எஞ்சின் ஓடவிட்டு, பட்டனை அழுத்திப் பத்து வினாடி பேசுங்க. மீட்டர் போர்டையே பாருங்க. ஏ.பி.எஸ். விளக்கோ எஞ்சின் விளக்கோ மினுக்கினா, இல்ல ஐட்லிங் தடுமாறினா, ஆன்டெனா கேபிள் வண்டியோட மெயின் வயரிங் பக்கத்துலயே ஓடுதுன்னு பெரும்பாலும் அர்த்தம். பிரிச்சு மறுபக்க சட்டத்துல கொண்டு போங்க, சைலென்சருக்கு ஒரு கை தள்ளி. அந்த மினுக்கல், தடுமாற்றம் நிக்கற வரைக்கும் அந்த வண்டியை ஆலங்காயம் ரோட்டுக்குக் கொண்டு போகாதீங்க.