இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு நிமிடம்: குடியும் சூதும் புகுந்த வீடுகளிலிருந்து

ஜன்னலோரம்:
குடிக்கிறவர் இருக்கும் வீட்டுக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன். எழுந்திருக்க முடியாத காலைகளில் அவர் ஆபீசுக்கு போன் போட்டு 'காய்ச்சல்' என்று சொல்வது என் வேலை. அன்றைக்கு அவர் கேட்கக்கூட இல்லை. எண்ணைப் போட்டு, படுத்தபடியே போனை நீட்டினார். அந்தப் பக்கம் "ஹலோ... ஹலோ" என்கிறார்கள். போனை அவர் நெஞ்சின் மேல் வைத்துவிட்டு, "நீங்களே பேசிக்குங்க" என்றேன். பேசினார். என்னைவிட நன்றாகவே பொய் சொன்னார்! அதன் பிறகு போனை நீட்டுவதில்லை. என்னோடு பேசுவதும் பாதியாகிவிட்டது. செய்தது சரிதான், ஆனாலும் அந்த "ஹலோ" காதிலேயே நிற்கிறது.

பழைய சைக்கிள்:
நான் குடித்தவன், அந்தப் பக்கத்து ஆள். குடியை விட்டுச் சில மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் வேலை முடிந்து வரத் தாமதம். மனைவி கதவைத் திறந்து, ரொம்பப் பக்கத்தில் வந்து நின்றாள். ஆசையாக வருகிறாள் என்றே நினைத்தேன். என் மூச்சை முகர்ந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், அதில் எனக்கு நல்ல பழக்கம். நானாக "குடிக்கலை" என்றால், குடித்த நாட்களில் சொன்ன அதே வார்த்தை. அவளைக் குறை சொல்லவில்லை, எத்தனை பொய்ச் சத்தியம் கேட்டவள்.

ஜன்னலோரம், போனை வைத்தது சரி. ஆனால் சாயங்காலம் உட்கார்ந்து "இனி உங்களுக்காகப் பொய் சொல்ல மாட்டேன்" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். போனை வைத்ததை அவர் வெறும் கோபம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

தூறல்:
ஒரு வரியில் தீர்ந்துவிடும் என்று நினைப்பது குடித்தவர்களுடைய சௌகரியம். "எனக்காகப் பொய் சொல்லாதே" என்று அவர் ஏன் முதலில் சொல்லக் கூடாது?

என் கதை சின்னது. யாரோ சொன்னார்கள் என்று மாமியார், குடியை நிறுத்தும் மாத்திரையை என் கணவர் சாப்பாட்டில் கலந்திருக்கிறார். இவர் குடித்துவிட்டு வர, முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி. "என்னத்தப் போட்ட?" என்று என்னைத்தான் கேட்டார். அப்புறம் வீட்டில் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார்.

டைசல்பிராம் என்ற அந்த மருந்தை, குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கவே கூடாது. உயிருக்கே ஆபத்து. அதே போல, தினமும் நிறையக் குடிப்பவரை அறையில் பூட்டி ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். போதையில் இருக்கும்போது வாதம் வேண்டாம். தெளிந்த பிறகு, "எப்பவும் இப்படித்தான்" என்று ஆரம்பிக்காமல் நேற்று நடந்த ஒன்றை மட்டும் பேசுங்கள். குடிக்காத சாயங்காலம் கூட உட்காருங்கள், குடித்த நாளில் நகர்ந்துவிடுங்கள். குடும்பத்தாருக்கென்றே அமெரிக்காவில் 1951இல் தொடங்கிய அல்-அனான் கூட்டங்கள் இப்போது பல நாடுகளில் நடக்கின்றன. அந்தக் குடியை நீங்கள் உண்டாக்கவில்லை, அடக்கவும் முடியாது, குணமாக்கவும் முடியாது என்பார்கள். எனக்கு அதில் 'உண்டாக்கவில்லை' என்ற முதல் பகுதியே போதுமாக இருந்தது. அடி விழுகிற வீடு என்றால் இதெல்லாம் பொருந்தாது, முதலில் வெளியே வந்துவிடுங்கள்.

இரண்டாம் சாவி:
தூறல், தெளிந்த பிறகு பேசு என்கிறீர்கள். என் வீட்டில் ஆன்லைன் சூதாட்டம். வாடை கிடையாது, தள்ளாட்டம் கிடையாது. எந்த நேரத்தைத் தெளிவு என்று எடுத்துக்கொள்வது? அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடே 2013இல்தான் இதைக் குடி, போதைப் பொருள் இருக்கும் அத்தியாயத்தில் சேர்த்தது. எங்கள் குடும்பம் இன்னும் அந்த அத்தியாயத்துக்கு வரவில்லை, "கெட்ட சேர்க்கை" என்கிறார்கள்.

தோற்ற நாட்கள் பழகிவிட்டன. ஜெயித்த நாள்தான் உறுத்துகிறது. சிரித்துக்கொண்டே வந்து என் கையில் பணத்தைத் திணித்தார். அடகில் இருந்த என் வளையலை மீட்கச் சொன்னார். கல்யாணமான புதிதில் பார்த்த அதே முகம். வாங்கினால் அடுத்த ஆட்டத்துக்கு நானே சம்மதம் சொன்ன மாதிரி. மறுத்தால் அன்றிரவே எல்லாம் திரும்ப அதிலேயே போய்விடும். வாங்கிக்கொண்டேன். ஆனால் சிரிக்கவில்லை. "ஒரு நாளாவது சந்தோஷப்படேன்" என்று கத்தினார்.

சிரித்திருக்க வேண்டுமா? தூறல், இதற்கும் நீளமாகவே எழுதுங்கள், படிக்கிறேன்.