ரிசப்ஷன் முடிஞ்சு பன்னண்டு நாள்: பட்டு, மாலை, மொய்ச் சீட்டு, வீடியோ, எதை முதல்ல பத்திரப்படுத்துறது?

கோபி_புதுப்பொண்ணு:

கோபிசெட்டிபாளையத்துல கல்யாணம். முந்தின நாள் சாயங்காலம் வரவேற்பு, மறுநாள் விடியக்காலம் முகூர்த்தம். முகூர்த்தப் பட்டை அம்மா அன்னைக்கே ஒணத்தி மடிச்சு வெச்சுட்டாங்க. வரவேற்பு சாமான்தான் அப்படி அப்படியே கெடக்குதுங்க.

புடவை சிறுமுகை சாஃப்ட் சில்க், ஜரிகை பார்டர். முன்னாடியே மடிப்பு எடுத்து ஊக்குக் குத்தி வாங்கினது. இப்ப கடை பிளாஸ்டிக் கவருக்குள்ள, ஆரி ரவிக்கையோட சேர்த்து பீரோவுல இருக்குது. முந்தானைல குங்குமம், கொசுவத்துல கேக் கிரீம். கிரீம் பட்ட எடம் காஞ்சதும் கண்ணுக்கே தெரியல. மாலை ஆணியில தொங்குது. வரவேற்பன்னைக்கு கம்ப்யூட்டர்ல அடிச்சுச் சீட்டு எடுக்கற மொய், அதனால சீட்டுக் கட்டு மட்டும் இருக்கு. முகூர்த்தத்தன்னைக்கு எழுதினது நோட்டு. போட்டோக்காரர் பென் டிரைவுல அஞ்சு நிமிச வீடியோ குடுத்திருக்கார், ஆல்பம் இனிமேத்தான்.

மூணு மணி நேரம் மேடையில நின்னதுல யாரு வந்தாங்க போனாங்கன்னு பாதி நெனப்பு இல்ல. எதுல இருந்து ஆரம்பிக்கட்டும்?

தறிமேடை:

கவர்ல இருந்து புடவைய இன்னைக்கே வெளிய எடுங்க அம்மிணி. வேர்வை ஈரம் உள்ளயே நின்னா மொதல்ல கெடறது ஜரிகைதான். அசல் ஜரிகைங்கறது பட்டு நூல் மேல வெள்ளிக் கம்பியச் சுத்தி, அதுக்கு மேல தங்க முலாம். வேர்வை உப்பும் காத்துல இருக்கற கந்தகமும் பட்டா வெள்ளி கறுக்கும். ரப்பர் பேண்டுல கந்தகம் இருக்குது, அதனால புடவைக் கட்டுக்கு ரப்பர் பேண்டு போடவே கூடாது. டெஸ்டட் ஜரிகைன்னா உள்ள செம்புக் கம்பி, அது பச்சை பூக்கும். எதுன்னு தெரியோணும்னா பார்டரோட பின்பக்கம் தொங்கற ஒரு இழையச் சுரண்டிப் பாருங்க. உள்ள செவப்புப் பட்டு தெரிஞ்சா பெரும்பாலும் அசல். செம்பு நெறத்துல மின்னுனா, இல்ல வெள்ளை நூல் வந்தா டெஸ்டட் வகை.

அடுத்தது ஊக்கு. முன்மடிப்பு வெச்ச புடவையில கொசுவத்துக்குள்ள, தோள் மடிப்புல, முந்தானை அடியிலன்னு எங்கயாச்சும் ரெண்டு ஊக்கு நின்னு போயிரும். துரு ஏறுனா அந்தக் கறை லேசுல போகாது, அந்த எடத்துப் பட்டும் இத்துப் போகும். புடவைய முச்சூடும் பிரிச்சு, வெளிச்சத்துக்கு எதுக்காப் புடிச்சுப் பாருங்க. அயர்ன் பண்ணி வெச்ச மடிப்புக் கோட்டுலயே மாசக்கணக்குல விட்டா சாஃப்ட் சில்க் அந்தக் கோட்டுலயே கிழியும்.

கறைக்குத் தண்ணி தொடாதீங்க, சோப்பு வேண்டவே வேண்டாம். மஞ்சள்ல சுண்ணாம்பு, சோப்பு மாதிரிக் காரம் பட்டா செவக்கும், மஞ்சள்ல செய்யற குங்குமம் பண்றதே அப்படித்தான். மஞ்சக்கறை மேல சோப்புப் போட்டா புதுசா ஒரு செவப்புக் கறை வந்து உக்காந்துக்கும். குங்குமத்தைப் பின்பக்கமிருந்து மெல்லத் தட்டி உதுத்துங்க, தேய்க்காதீங்க.

கேக் கறை தெரியலங்கறீங்க பாருங்க, பயப்பட வேண்டியது அதுக்குத்தான். டிரை வாஷ்ல கொழுப்புப் போயிரும், சர்க்கரை போகாது. இப்ப நெறமே இல்லாம இருக்கும், ஆறேழு மாசம் கழிச்சுப் பழுப்புத் திட்டா மேல வரும். எறும்பும் மோப்பம் புடிச்சு வரும். அதனால டிரை வாஷ்க்குக் குடுக்கறப்ப "கறை இருக்கு"ன்னு பொதுவாச் சொல்லாம, இந்த எடத்துல கேக், இந்த எடத்துல குங்குமம்னு காட்டிச் சொல்லுங்க. அடையாளத்துக்குப் பேனா வேண்டாம், கறையச் சுத்தி வெள்ளை நூல்ல பெரிய தையலா நாலு ஓட்டு ஓட்டுங்க.

ரவிக்கை தனி, புடவை தனி. ஆரிக் கல்லோட முனை பட்டு இழையக் கொக்கி மாதிரி இழுத்துரும். ரவிக்கைய உள்பக்கம் வெளிய வர்ற மாதிரித் திருப்பி, கைக்குள்ள பழைய பருத்தித் துணியச் சுருட்டி வெச்சு மடிங்க. கல்லு தெச்சதா, பசை போட்டு ஒட்டுனதான்னு தச்சவங்ககிட்டக் கேட்டுட்டு அப்புறம் டிரை வாஷ்க்குக் குடுங்க. ஒட்டுனதுன்னா வாஷ்ல பாதிக் கல்லு கழண்டு வந்துரும்.

வாஷ் முடிஞ்சு வந்ததும் ஒரு நாள் நெழல்ல, ஃபேன் காத்துல ஒணத்தி, ஜரிகை உள்பக்கம் வர்ற மாதிரி மடிச்சு வெள்ளைப் பருத்தி வேட்டில சுத்துங்க. புது வேட்டின்னா கஞ்சி போக ரெண்டு தடவை அலசியிருக்கோணும், கஞ்சி இருந்தா ராமபாணப் பூச்சி தேடி வரும். மூணு மாசத்துக்கு ஒருக்கா எடுத்து மடிப்பை மாத்துங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில பீரோவத் தொறந்து ஒணத்த வேண்டாம்.

பெருந்துறை_அக்கா:

அண்ணா சொன்னது அத்தனையும் சரிங்க. அந்துருண்டையச் சொல்லாம விட்டுட்டாரு, அது ஜரிகை மேல படக்கூடாது. வசம்பைத் தட்டித் துணிப் பொட்டணமாக் கட்டி பீரோ மூலையில போட்டாப் போதும், புடவை மடிப்புக்குள்ள வேண்டாம். சென்ட்டும் அப்படித்தான், கட்டறதுக்கு முன்னாடியே மேலுக்குப் போட்டுக்கோணும், பட்டு மேல அடிக்கக் கூடாது.

ஈரோடு_லென்ஸ்:

புடவை பத்து நாள் காத்திருக்கும், ஃபைல் காத்திருக்காது. போட்டோக்காரங்க அடுத்தடுத்த முகூர்த்தத்துக்கு மெமரி கார்டை அழிச்சுத்தான் எடுப்பாங்க. அவங்க கம்ப்யூட்டர்லயும் எடம் பத்தாமப் போனா பழைய கல்யாணம்தான் மொதல்ல போகும். எத்தனை மாசம் வெச்சிருப்பீங்கன்னு இன்னைக்கே கேளுங்க.

4கே வீடியோ 100 எம்பிபிஎஸ்ல எடுத்திருந்தா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. ரெண்டு கேமரா மூணு மணி நேரம் ஓடியிருந்தா வரவேற்புக்கு மட்டும் 270 ஜிபி. ரா போட்டோ, அதாவது கேமரா சுருக்காமப் பதியற அசல் படம், ஒண்ணு 25, 30 எம்பி வரும். 2000 போட்டோன்னா இன்னொரு 50, 60 ஜிபி. முகூர்த்தத்தையும் சேர்த்தா 1 டிபி ஹார்ட் டிஸ்க் சரியா இருக்கும். ரெண்டா வாங்குங்க, ஒண்ணு அம்மா வீட்டுல, ஒண்ணு உங்ககிட்ட. காப்பி முடிஞ்சதும் ரெண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்துப் போகுதான்னு பாருங்க. நாலஞ்சு வீடியோவை நடுவுல இருந்து ஓட்டியும் பாருங்க. பேரு இருக்கும், உள்ள ஓடாது, அந்த மாதிரிக் காப்பியும் வரும்.

பென் டிரைவை நம்பி இருக்காதீங்க, வருசக்கணக்குல மின்சாரம் படாம டிராயர்ல கெடந்தா பதிவு அழியலாம். வாட்ஸ்அப்ல வாங்கறதுன்னா டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க, இல்லைன்னா படம் சுருங்கிரும். கூகுள் போட்டோஸ்ல இலவச எடம் 15 ஜிபிதான். எடம் மிச்சம் புடிக்கற 'ஸ்டோரேஜ் சேவர்' போட்டிருந்தா வீடியோவை 1080பி-க்குக் குறைச்சுரும்.

கேட்டு வாங்க வேண்டியது மூணு. மேடை முழுநீள வீடியோ, பாட்டுச் சேர்க்காதது. சினிமாப் பாட்டுப் போட்ட வீடியோவை யூடியூப், இன்ஸ்டால ஏத்தினா சத்தத்தை நிறுத்தினாலும் நிறுத்திருவாங்க. அதுக்கு மேல, பாட்டுப் போட்டா மண்டபத்துச் சத்தம், மேடையில வந்தவங்க பேசினது எல்லாம் அடியில போயிருது. ரெண்டாவது, எல்லாப் போட்டோவும் நேர வரிசையில, அசல் ஃபைல் நம்பர் மாத்தாம. மூணாவது, ஆல்பம் பக்கங்களோட ஜேபெக் படம்.

ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கறப்ப ஒண்ணு கவனிங்க. ஊதா லைட்டுல முகம் நீலமா இருந்தா ரா ஃபைல்ல ஓரளவு சரி பண்ணலாம், அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க. பின்னாடி எல்இடி திரையில கோடு கோடா விழுந்திருந்தா முழுசாப் போகாது, அந்தப் படத்தைப் பெருசாப் போட வேண்டாம். 12க்கு 36 இஞ்ச் ஆல்பம்னா கனம் அதிகம், படுக்கப் போட்டு வைங்க. நிறுத்தி வெச்சா பக்கத்தோட கனமே பைண்டிங்கை இழுத்துரும்.

வரவுசெலவு:

மொய்ச் சீட்டுப் பத்தி யாரும் பேசல. என் கணக்குல அதுதான் மொதல் வேலை.

கம்ப்யூட்டர் மொய்ச் சீட்டு பெரும்பாலும் சூடு பட்டா கறுக்கற தாள். மை கெடையாது. வெக்கை, எண்ணெய்க் கை, சானிடைசர், பிளாஸ்டிக் உறை எது பட்டாலும் எழுத்து மங்கும், இல்லைன்னா தாளே கறுக்கும். பத்திரமா இருக்கட்டும்னு லேமினேஷன் போட்டுறாதீங்க, சூட்டுல தாள் முச்சூடும் கறுத்துப் போகும். இன்னைக்கே ஜெராக்ஸ் எடுங்க. மொய் எழுதுன ஆளுங்ககிட்ட லேப்டாப்புல இருக்கற பட்டியலை எக்ஸெல்லா வாங்குங்க. முகூர்த்த நோட்டையும் பக்கம் பக்கமா செல்போன்ல படம் எடுத்து வைங்க.

அடுத்து பட்டியல்ல ஊர், தோட்டம், பேரு, யாரு வழி, தொகை, திருப்பிச் செஞ்ச தேதின்னு கட்டம் போடுங்க. தோட்டத்துப் பேரு இல்லாத பட்டியல் நம்ம பக்கம் உதவாது. "பழனிச்சாமி, கவுந்தப்பாடி"ன்னு மட்டும் இருந்தா எந்தப் பழனிச்சாமின்னு யாரு சொல்றது? சீட்டுல பேரை இங்கிலீசுல அடிச்சிருந்தா இன்னும் கஷ்டம்.

யாரு வந்தாங்கன்னு நெனப்பு இல்லைங்கறீங்க, வழி அந்தச் சீட்டுக் கட்டுலயே இருக்குது. சீட்டுல நேரம் அடிச்சிருப்பாங்க, போட்டோவுலயும் நேரம் பதிஞ்சிருக்கும். மொய் மேசை வாசல்ல இருந்திருந்தா சீட்டு நேரம் முன்னாடி, மேடைப் போட்டோ நேரம் பின்னாடி. பந்திக்குப் பக்கத்துல இருந்திருந்தா மேடையேறி, சாப்பிட்டு, அப்புறந்தான் எழுதியிருப்பாங்க, சீட்டு நேரம் அரை மணிக்கு மேல தள்ளி வரும். தெரிஞ்ச முகம் பத்துப் பேரை வெச்சு அந்த இடைவெளியக் கண்டுபுடிச்சுட்டா மத்தவங்க தானா வருவாங்க. கேமரா கடிகாரம் தப்பா இருந்தாலும் பரவாயில்ல, தப்பு கடைசி வரைக்கும் ஒரே அளவாத்தான் இருக்கும். ரெண்டு கேமராவுக்கும் தனித்தனியாப் பாத்துக்கோங்க.

மேடைப் போட்டோவைச் சின்ன அளவுல, தாளுக்கு ஒம்போது படமா கலர் பிரின்ட் போட்டு, அடியில எழுத எடம் விட்டு, அப்பாரு, அம்மாயி கையில குடுங்க. "இவ நம்ம இன்னாரு மருமக"ன்னு அவங்கதான் சொல்லுவாங்க. ஒரே நாள்ல 200 படம் காட்டுனா சலிச்சுப் போயிரும், ஒரு தடவை ஒக்காந்தா முப்பது போதும். பால்பாயின்ட் பேனா நல்லது. ஜெல் பேனா கலர் பிரின்ட் மேல ஈசும். மொய் வைக்காம வந்தவங்களும் இருப்பாங்க, அவங்க பேரு போட்டோவுல மட்டுந்தான் கெடைக்கும். பத்திரிகையிலயே "மொய் தவிர்க்கவும்"னு போடற வீடுகளுக்கு இந்தத் தாள் ஒண்ணுதான் கணக்கு.

மாமியார் வீட்டு நோட்டுக்கும் ஒரு நகல் வாங்கி வெச்சுக்கோங்க. நாளைக்கு அந்தப் பக்கத்து விசேசத்துக்குப் போறது நீங்கதான்.

கோபி_புதுப்பொண்ணு:

ஜெராக்ஸ் எடுத்தாச்சுங்க. நாலு சீட்டு ஏற்கெனவே பாதி மங்கிருச்சு. புடவையில ஒரு ஊக்கு இருந்துச்சு, நல்லவேளை துரு இல்ல. மாலைய என்ன பண்றது? ரெசின்ல போட்டுத் தர்றேங்கறாங்க.

தறிமேடை:

மங்குன சீட்டை நல்ல வெளிச்சத்துல சாய்ச்சு வெச்சுப் படம் எடுத்து, செல்போன்ல கான்ட்ராஸ்ட் ஏத்திப் பாருங்க, சிலது படிக்க வரும். மாலை எனக்குத் தெரியாத சமாச்சாரம்.

பெருந்துறை_அக்கா:

பன்னண்டு நாள் ஆணியில தொங்குன ரோசாவும் சம்பங்கியும் இனி ஆகாது தங்கச்சி. சம்பங்கி, மல்லிகையெல்லாம் அன்னைக்கு ராத்திரியே எடுத்திருந்தாலும் பழுப்பாத்தான் ஆகும். மாலையில வாடாமல்லியோ கோழிக்கொண்டையோ இருக்குதான்னு பாருங்க. அது ரெண்டும் காஞ்சாலும் நெறம் நிக்கும். பூசணம் புடிக்காததாப் பாத்துக் கிள்ளி, சிலிக்கா ஜெல் போட்ட மூடி டப்பாவுல ஒரு வாரம் வைங்க. வெரல்ல நசுக்குனா சருகுச் சத்தம் வரோணும். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் ரெசினுக்குள்ள பழுப்படிச்சுக் குமிழி கட்டும். ரெசின் வெயில்ல மஞ்சளாகும், ஜன்னலோரம் வேண்டாம். பண்ணித் தர்றவங்ககிட்ட, ஒரு வருசத்துக்கு முன்னாடி பண்ணினது ஒண்ணைக் காட்டச் சொல்லுங்க, நேத்துப் பண்ணினது எல்லாமே அழகாத்தான் இருக்கும்.

மிச்ச மாலைய நாரு, ஜிகினா, பிளாஸ்டிக் குஞ்சம் எல்லாம் பிரிச்செடுத்துட்டு, கால் படாத எடமாப் பாத்து மரத்தடியில போட்டுருங்க. வாய்க்கால்ல ஜிகினாவோட விட்டுறாதீங்க.