ரயிலை இன்னும் அடிக்கடி விட்டால் என்ன என்று கேட்டு வாயடைத்துப்போன அனுபவம் உண்டா?

கடைசிப்பெட்டி:
கடைசி நிலையத்துக்குச் சற்று முன்னால் வண்டி தினமும் நின்றுவிடும். அன்றைக்கு எனக்கு நேர்முகத் தேர்வு. வளைவில் நின்றதால் நடைமேடை நன்றாகத் தெரிந்தது. இரண்டு பக்கமும் வண்டி. ஒன்றின் ஓட்டுநர் பையை மாட்டிக்கொண்டு இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்துகொண்டிருந்தார். எட்டுப் பெட்டி நீளம். அவர் போய் வண்டியை எடுத்தால்தான் எங்களுக்கு இடம். கூடுதல் வண்டி கேட்டு வருஷக்கணக்காகப் புலம்பியவன் நான். அந்த நடையைப் பார்த்ததிலிருந்து கேட்கவே வாய் வருவதில்லை.

பையுடன்:
கதவில் மாட்டியது என் பைதான். மூடியது, திறந்தது, மறுபடி மூடியது. மூன்றாவது தடவைதான் இழுத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அடுத்த நிலையத்தில் இறங்கிப் படியேறும்போது, பின்வண்டியில் வந்த ஒருவர் "எந்த மடையனோ கதவை மூட விடலையாம், சுரங்கத்துக்குள்ளேயே நிறுத்திட்டான்" என்று போனில் திட்டிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார். பையை முன்பக்கம் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

தடம்மாறி:
கடைசிப்பெட்டி சொல்வதை ஏற்க முடியாது. ஓட்டுநரின் நடையா காரணம்? லண்டன் சுரங்க ரயிலின் விக்டோரியா தடத்தில் 2017 முதல் நெரிசல் நேரத்தில் மணிக்கு 36 வண்டிகள், அதாவது 100 நொடிக்கு ஒன்று. அங்கே வண்டி உள்ளே வரும்போதே மறுமுனையில் வேறு ஓட்டுநர் தயாராக நிற்பார். வந்தவர் அடுத்த வண்டியை எடுப்பார். அதுவும் போதாமல், 2015 ஆகஸ்டில் தடத்தின் ஒரு பகுதியைச் சுமார் மூன்று வாரம் மூடி, வால்தம்ஸ்டோ முனையில் வண்டி தடம் மாறும் இடத்தையே புதிதாகப் போட்டார்கள்.

அப்புறம், சிக்னலை மாற்றினால் எல்லாம் தீரும் என்பவர்களுக்கு: புது முறையில் வண்டிகள் நெருங்கி வரலாம், சரி. ஆனால் முன்வண்டி நடைமேடையை விட்டு நகராமல் பின்வண்டி எங்கே நுழையும்? அந்த 100 நொடியில் உபரி நேரம் எதுவும் இல்லை என்று வையுங்கள். ஒரே ஒரு நிலையத்தில் ஒவ்வொரு வண்டியும் 20 நொடி கூடுதலாக நின்றால் போதும், 36 என்பது 30 ஆகிவிடும். அதனால் எல்லாரும் படிக்கட்டுக்கு எதிரே உள்ள பெட்டியிலேயே ஏறாதீர்கள். கதவருகே நிற்பவர்கள் இறங்கி வழிவிட்டு ஏறுங்கள். பையைக் காலடியில் வையுங்கள். என் கதையா? இரண்டு தடம் சேரும் சந்திப்பில் ஒரு நாள் பத்து நிமிடம் நின்றேன். அவ்வளவுதான்.

கடைசிப்பெட்டி:
மாற்று ஓட்டுநர் நின்றிருந்தால் அவர் ஏன் நடக்கப் போகிறார்? நானும் அதைத்தானே சொன்னேன்.

முன்கண்ணாடி:
ஓட்டுநர் இல்லாத வண்டி, முன்கண்ணாடி ஓரம் நின்றேன். கூடுதல் வண்டிகள் விட்ட முதல் வாரம். இருட்டில் முன்வண்டியின் பின்விளக்கு இரண்டு சிவப்புப் புள்ளியாகத் தெரிந்தது. அது நகர்ந்தால் நாங்கள் ஊர்ந்தோம், நின்றால் நின்றோம். வண்டி சீக்கிரம் கிடைத்தது, வேலைக்குத்தான் பழைய நேரத்தைவிடத் தாமதம். பையுடன், அன்றைக்கு முன்வண்டியில் நீங்கள் இல்லையே?