கீமோ முடித்த யாராவது என் அத்தையிடம் பேச முடியுமா? (வால்பாறை)

அத்தைக்கு 52 வயது. வால்பாறையில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறார், லைன் வீடு (தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடு). இடது மார்பில் கட்டி. போன மாதம் பயாப்சியில் புற்றுநோய் என்று உறுதியானது, இரண்டாம் நிலை. 21 நாளுக்கு ஒரு முறை கீமோ, அப்புறம் ஆபரேஷன் என்கிறார்கள். முதல் கீமோ வருகிற திங்கள், கோவையில். போகவே மாட்டேன் என்கிறார்.

பணம் காரணமில்லை, முதலமைச்சர் காப்பீட்டில் அனுமதி வந்துவிட்டது. பயம்தான். லைனில் இதே நோயில் ஒரு அக்கா இறந்ததைப் பார்த்தவர். (அந்த அக்கா கடைசி வரை நாட்டு மருந்துதான் சாப்பிட்டார். சொன்னால் காதில் ஏறவில்லை.)

டாக்டர் பொறுமையாக விளக்கினார். கிராமச் செவிலியர் வீட்டுக்கே வந்தார். குணமான ஒரு சென்னை அம்மாவிடம் போனில் பேச வைத்தேன். "அவங்க வீட்டுல படுத்துத் தேறினாங்க. நான் மறுபடி கூடை தூக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இங்கே மாலை 6 மணிக்கு மேல்தான் சிக்னல் கிடைக்கும். வால்பாறை, பொள்ளாச்சி பக்கம் மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்து மறுபடி வேலைக்குப் போகிற தோட்டத் தொழிலாளியோ கூலி வேலை செய்கிறவரோ, திங்களுக்குள் அத்தையிடம் பேசுவார்களா?