புதுப்பிப்பு: வீட்டில் கிட்டார் வாசிக்க எந்த வால்வு ஆம்ப்? வாங்கியாச்சு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டுக்கு 5 வாட் வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழாய்களால் கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) சரிவருமா, 15 வாட்டா என்று கேட்டிருந்தேன். கடைசியில் மார்ஷல் டிஎஸ்எல்1 வாங்கிவிட்டேன். 1 வாட்தான், 0.1 வாட்டுக்கும் இறக்கலாம்.

5 வாட் சொன்ன அண்ணன்மாருக்கு: 50 வாட்டைவிட அது காதுக்கு ஏறக்குறையப் பாதிச் சத்தம்தான் குறைவு. உறுமல் ஒலி வர, வால்வு திணறும்வரை சத்தத்தை ஏற்றினால் பக்கத்து வீட்டுக் கதவு திறந்துவிடும். இந்த டிஎஸ்எல்1-இல் 0.1 வாட்டில் கெயினை (ஒலியைக் கரகரக்க வைக்கும் திருகு) கூட்டி மெல்ல மீட்டினால் தெளிவு, அழுத்தி மீட்டினால் நல்ல உறுமல். அந்த உறுமலுக்காகத்தான் இவ்வளவு தேடினேன்!

அப்புறம், அமெரிக்காவிலிருந்து பழைய பெண்டர் சேம்ப் என்ற சின்ன வால்வு ஆம்ப் வரவழைப்பவர்கள் கவனியுங்கள். அது 120 வோல்ட். நம் ஊர் கரண்டில் வோல்ட் அதிகம், நேரே செருகாதீர்கள். வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.