ஜெர்மனியில் ஆடிஷன்: லிரிக் பாரிடோனுக்கு எந்த ஐந்து ஆரியா?

புதுச்சுதி:
26 வயது, லிரிக் பாரிடோன் (மென்மையான நடுத்தர ஆண்குரல்), முதுகலை முடியப்போகிறது. ஜெர்மன் ஓப்பரா அரங்குகளுக்கு இப்போது கையில் இருக்கும் ஆரியாக்கள் (ஓப்பராவின் தனிப்பாட்டுகள்): மோட்சார்ட்டின் கவுன்ட் அல்மவீவா, ரொஸீனியின் ஃபிகாரோ, மோட்சார்ட்டின் 'மந்திரப் புல்லாங்குழல்' பாப்பகேனோ, வெர்டியின் 'ரிகோலெட்டோ'வில் ரிகோலெட்டோ பாடும் 'கோர்டிஜானி'. ஐந்தாவதாக எதைச் சேர்க்கலாம்? அரங்கில் நிரந்தரமாகச் சேர்ந்தால் கச்சேரிகளை விட்டுவிட வேண்டியதுதானா?

கீழ்ஸ்தாயி:
ஐந்தாவது இருக்கட்டும், முதலில் 'கோர்டிஜானி'யை எடுங்கள். மேல் சுரம் எட்டுகிறதா என்பது பிரச்சினையே இல்லை. ஃபிகாரோவில் மேல் ஜி சுரமே உண்டு, தொட்டுவிட்டு இறங்கிவிடலாம். லிரிக் பாரிடோனுக்குக் குரல் திரும்பும் இடம் (அடிக்குரல் மேல்குரலாக மாறும் பகுதி) மிடில் சி-க்குச் சற்றுக் கீழே உள்ள பி-யில் தொடங்கி மேலே ஈ வரை. வெர்டி அந்த ஈ-யை ஒட்டியே பக்கம் பக்கமாக நிறுத்தி வைப்பார். மைக் கிடையாது. வாத்தியங்களைத் தாண்டிக் குரலைக் கேட்க வைப்பது 3000 ஹெர்ட்ஸை ஒட்டிக் குவியும் கார்வை (குரலின் ஒத்ததிர்வு). தொண்டையை இறுக்கிச் சத்தத்தைக் கூட்டினால் அந்தக் கார்வைதான் முதலில் போகும். அப்புறம் சுதி ஆடும்.

அதோடு, பாடிக்காட்டியதையே வேஷமாகக் கொடுத்துவிடுவார்கள். ரிகோலெட்டோ கேட்டு வாங்கும் வயதா இது?

பாப்பகேனோவின் பாட்டு ஒரே மெட்டுத் திரும்பத் திரும்ப வருவது, குரலைக் காட்டாது. அந்த வேஷத்துக்கு ஜெர்மன் வசனம்தான் சோதனை. அவர்கள் கேட்டால் பாடுங்கள். என் பட்டியல்: கவுன்ட், ஃபிகாரோ, பிரெஞ்சுக்கு 'ஃபாவுஸ்ட்' வாலன்டின் (1864 லண்டன் மேடைக்காக கூனோ பிறகு சேர்த்தது), ஜெர்மனுக்கு கோர்ன்கோல்டின் 'டீ டோட்டே ஷ்டாட்' பியரோ பாட்டு, ஆங்கிலத்துக்கு 'பில்லி பட்' ஓப்பராவின் ஆரியா.

பியானோபக்கம்:
முதல் ஆரியா உங்கள் விருப்பம், இரண்டாவதை அவர்கள் கேட்பார்கள். அதனால் ஐந்தும் அன்றைக்கே தயாராக இருக்கணும். பியானோக்காரர் உங்களை அன்றுதான் பார்க்கிறார். உதிரித் தாள் வேண்டாம், இரண்டு பக்கமும் அச்சடித்துக் கோப்பில் போடுங்கள். பாடாமல் வெட்டிய இடங்களைத் தடித்த பேனாவால் குறியுங்கள். காலப்பிரமாணத்தை விரல் சொடுக்கிக் காட்டாதீர்கள், அவர் முகம் சுளிப்பார். முதல் இரண்டு வரியை மெதுவாகப் பாடிக் காட்டுங்கள்.

பருவச்சீட்டு:
கச்சேரியை விட வேண்டாம், ஆனால் அரங்கின் எழுத்து அனுமதி வேண்டும். வெளியூர் போகவே விடுப்புச் சீட்டு எழுதுவார்கள். மார்ச், ஏப்ரலில் பாஹின் பாஸன் (இயேசுவின் பாடுகளைச் சொல்லும் இசை), டிசம்பரில் அவருடைய கிறிஸ்துமஸ் ஓரட்டோரியோ (வேஷமில்லாமல் பாடும் சமயக் கதை): இரண்டுக்கும் கிராக்கி, அரங்கிலும் அப்போதுதான் நெரிசல். ஒப்பந்தம் போடும்போதே தேதிகளைச் சொல்லிவிடுங்கள்.

பிராம்ஸின் ரெக்வியத்தில் (இறந்தோருக்கான இசை) பாரிடோனுக்கு மூன்றாவது, ஆறாவது பகுதிகள் மட்டும். ஃபோரேயின் ரெக்வியத்திலும் இரண்டு இடம்தான். இளம் குரலுக்கு ஏற்றவை, நோட்டைக் கையில் வைத்தே பாடலாம். 'கார்மினா புரானா' என்ற கச்சேரிப் படைப்பை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 'டியெஸ், நாக்ஸ்' பாட்டில் பாரிடோன் கள்ளக்குரலுக்கு ஏறி இறங்க வேண்டும். மற்ற இடங்களில் முழுக்குரல் வெளுத்து வாங்கும். ஒரே மாலையில் இரண்டும்.

ஒப்பந்தம் பற்றி ஒன்று: நிரந்தரம் என்றாலும் அது வருஷக் கணக்குதான். அடுத்த சீசனுக்கு வேண்டாம் என்றால் அக்டோபர் 31-க்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தானாக ஒரு வருஷம் நீளும். நீங்கள் விலகுவதானாலும் அதே தேதிதான்.

புதுச்சுதி:
அரங்கு முகவர் இல்லாமல் ஆடிஷன் தருமா?

பருவச்சீட்டு:
சிறிய அரங்குகள் தரும். அரசு வேலைவாய்ப்புத் துறையின் 'ட்ஸாவ்' கலைஞர் பிரிவில் முதலில் பாடிக்காட்டுங்கள். எடுத்துக்கொண்டால் அவர்களே அரங்குகளுக்கு அனுப்புவார்கள், கமிஷன் இல்லை.